மூன்றாவது வால்வு

மஞ்சள் காமாலை வந்து, கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரியில் பதினேழு நாள் படுத்துக் கிடந்து, பிழைத்து வந்திருக்கிறேன். இப்போது சோறு இறங்குகிறது. தொட்டி ஏணியில் ஒரே மூச்சில் ஏறிவிடுகிறேன். பார்க்கிறவர்கள் எல்லோரும் எப்படி வந்தது, என்ன ஆனது என்று கேட்கிறார்கள். சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. பாதியிலேயே பஸ் வந்து, கேட்டவர் ஏறிப் போய்விடுகிறார். அதனால்தான் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஊர்ப் பெயரை மட்டும் எழுதவில்லை. பொள்ளாச்சியிலிருந்து மினி பஸ்ஸில் அரைமணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "பொண்ணு கேட்டு வாரவங்கல்லாம் தண்ணியப் பத்தி விசாரிக்கறாங்க, பேரப் போட்டுறாதீங்க" என்று ஊரில் கேட்டுக்கொண்டார்கள்.

அந்த ஊருக்குத் தண்ணீர் விடுகிறவன் நான். பெயர் தங்கவேல். என் அப்பா காலம் வரைக்கும் எங்கள் வீட்டில் தோட்டக் கூலிதான். எனக்குப் பஞ்சாயத்தில் தொட்டி ஆபரேட்டர் வேலை கிடைத்தது. ஆழியாற்றுத் தண்ணீரை மேல்நிலைத் தொட்டியில் ஏற்றி, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, வால்வைத் திறந்து வீதி வீதியாக விட வேண்டும். முதல் வால்வு கோயில் வீதிக்கு. இரண்டாவது பள்ளிக்கூட வீதிக்கு. மூன்றாவது எங்கள் கீழ வீதிக்கு. ஒருநாள் விட்டு ஒருநாள், வீதிக்கு ஒரு மணி நேரம். பதினோரு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். என் தொட்டித் தண்ணீரைப் பற்றி யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் எனக்குப் பொறுக்காது.

முதலில் தாளிக்கிற வாசம் ஆகவில்லை. என் மனைவி சரசு கடுகு போட்டால் நான் வாசலுக்கு ஓடினேன். இரண்டு நாள் கழித்து ஒன்றுக்குப் போனால் கடுங்காப்பி நிறத்தில் போனது. வெயில் என்று நினைத்து இளநீர் குடித்தேன். மூன்றாம் நாள் காலையில் தொட்டி ஏணியில் பாதி ஏறி, அதற்கு மேல் காலைத் தூக்க முடியாமல் கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றேன். கீழே இருந்து சரசு என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க, எறங்குங்க முதல்ல. கண்ணு ரெண்டும் மஞ்சக்கெழங்காட்டம் இருக்குது!"

கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி மூன்று நாள் கொடுத்தாள். மூன்று நாளும் குடித்ததையெல்லாம் வாந்தியெடுத்தேன். பொள்ளாச்சியில் ரத்தம் எடுத்துப் பார்த்தவர்கள் அன்று மத்தியானமே ஆம்புலன்ஸில் கோயமுத்தூருக்கு அனுப்பிவிட்டார்கள். தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனால் வீட்டை விற்க வேண்டியிருக்குமோ என்று வழியெல்லாம் பயந்துகொண்டு வந்த சரசு, வண்டி அரசாங்க ஆஸ்பத்திரிக்குள் திரும்பியதும்தான் மூச்சு விட்டாள்.

ஆண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. என்னைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். ஆனால் விளக்கிச் சொல்வதில் கெட்டிக்காரி.

"பிலிருபின்னு ஒரு மஞ்சள் சத்து. ரத்தத்துல ஒண்ணு அளவுக்குத்தான் இருக்கணும். உங்களுக்குப் பதினாலு இருக்கு. ஈரல் வீங்கிப் போயிருக்கு, அதனால வெளியே தள்ள முடியல. அதுகூடப் பரவால்ல. ரத்தம் உறையற நேரம் கூடியிருக்கு, அதைத்தான் நாங்க தினமும் பாப்போம்."

ரத்தத்தை உறைய வைக்கிற சரக்கை ஈரல்தான் செய்கிறதாம். அது ரொம்பவும் குறைந்துபோனால் ஈரல் படுத்துவிட்டது என்று அர்த்தமாம். அப்புறம் மூளை மங்கும். அதனால் தினமும் காலையில் வந்து, போலீஸ்காரர் வண்டியை நிறுத்துகிற மாதிரி இரண்டு கையையும் நீட்டச் சொல்வார். விரல் நடுங்குகிறதா என்று பார்ப்பார். பெயரை எழுதச் சொல்வார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார். உடம்பு நன்றாக இருக்கும்போதே எனக்கு அது வராது. சரசு டாக்டரிடம் அதைச் சொல்லிச் சிரித்தாள். அங்கே வந்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

இந்த வியாதிக்கு என்று தனி மருந்து கிடையாதாம். குளுக்கோஸ், வாந்தி நிற்க ஊசி, ரத்தம் உறைய ஒரு ஊசி, ஓய்வு. ஈரல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளுமாம். "சரிசெஞ்சுக்கலைன்னா?" என்று கேட்டேன். "செஞ்சுக்கும்" என்றார். ஆனால் கையை நீட்டச் சொல்வதை ஒருநாளும் நிறுத்தவில்லை.

மூன்றாம் நாள் என் பக்கத்துக் கட்டிலுக்கு ஒருவரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். பார்த்தால் எங்கள் வீதிச் செல்வன்! தென்னைமட்டை மில்லுக்குப் போகிறவன். அவனுக்கும் அதே மஞ்சள். அவனோடு வந்த அவன் மனைவி ருக்குமணி என்னைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டாள்.

"தங்கவேலண்ணா, தொட்டிக்குள்ள என்னத்தைக் கலக்கி உட்டீங்க? எங்க ஊட்டுக்காரரு, உங்க ஊட்டுல நீங்க, தையக்கார மாமா பொள்ளாச்சியில படுத்திருக்காரு. எல்லாம் தண்ணியிலதான் வருதுன்னு நர்சம்மா சொல்றாங்க."

"தொட்டி சுத்தம் அம்மணி. நான் கழுவற மாதிரி ஜில்லாவுல எவனும் கழுவமாட்டான்."

"அப்ப ஏனுங்ணா நீங்களே இங்க படுத்திருக்கீங்க?"

இவ்வளவு பேசியவள், மத்தியானம் தன் வீட்டுக்காரனுக்குக் கரைத்த அரிசிக் கஞ்சியில் பாதியை எனக்கும் ஊற்றிக் கொடுத்தாள். "குடிங்க. குடிச்சுப்போட்டு ரோசனை பண்ணுங்க" என்றாள். அதன்பின் தினமும் அப்படித்தான். திட்டும் வரும், கஞ்சியும் வரும்.

ஊரில் வேறு பேச்சு. கோயில் வீதியில் யாருக்கும் ஒன்றுமில்லை, பள்ளிக்கூட வீதியிலும் இல்லை. "கீழ வீதிக்காரங்களுக்குச் சுத்தபத்தம் பத்தாது, அதான் அங்க மட்டும் வருது" என்று யாரோ சொன்னார்களாம். அதைக் கேட்டுச் சரசுவின் முகம் சிவந்து போனது. எனக்குக் கோபத்தோடு சேர்ந்து வேறொன்றும் மனதில் பிடிபட்டது. ஒரே தொட்டி, ஒரே தண்ணீர். மூன்றாவது வால்வுக்காரர்கள் மட்டும் ஏன் படுக்க வேண்டும்?

நாலாம் நாள் வெறும் வயிற்றோடு ஸ்கேன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எதிர் பெஞ்சில் சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர் செருகியபடி ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணும் மஞ்சள்.

"ஏங்ணா, நீங்க தண்ணி உடறவருதானுங்ணா?"

கபீர் பாய்! கோயமுத்தூர்க் கோட்டைமேட்டுக்காரர். புதன்கிழமைதோறும் மொபெட்டில் எங்கள் ஊருக்கு வந்து, கீழ வீதி ரேஷன் கடைக்கு முன்னால் சாக்கு விரித்து, குக்கரும் கேஸ் அடுப்பும் ரிப்பேர் பார்ப்பவர். அவருக்கும் இரண்டு வாரமாக இதே வியாதி. முந்தின நாள் ராத்திரிதான் சேர்த்திருந்தார்கள், என் வார்டில்தான், கதவுப் பக்கக் கட்டில்.

"பாய், எங்கூர்ல தண்ணி குடிச்சீங்களா?"

"குடிக்காமயா? வாரத்துக்கு அஞ்சு ஊர் போறேன். மத்த ஊர்லயெல்லாம் டீயோட சரி. உங்கூர் தண்ணி மட்டும் ருசியில எங்க சிறுவாணித் தண்ணிக்குப் பக்கத்துல வருமுங்ணா. ரேஷன் கடைக்கு அந்தப் பக்கத்துப் பைப்புல ஒரு பாட்டில் குடிச்சு, ஒரு பாட்டில் புடிச்சுட்டு வருவேன்."

நான் எழுந்து நின்றே விட்டேன். இவர் கீழ வீதிக்காரர் இல்லை. இவருடைய வீடு வேறு, சோறு வேறு, கக்கூஸ் வேறு. கீழ வீதியோடு இவருக்கு இருக்கிற ஒரே சம்பந்தம் அந்தத் தண்ணீர்தான். தொட்டியில் இல்லை, மனிதர்களின் சுத்தத்திலும் இல்லை, குழாயில்தான் இருக்கிறது! ஸ்கேன் அறையில் என் பெயரைக் கூப்பிட்டது கூடக் கேட்கவில்லை. பாய்தான் என்னைப் பிடித்து உள்ளே தள்ளினார்.

அன்று சாயங்காலமே ஸ்கேன் படம் போட்டுக் கொடுத்த பெரிய கவரைக் கிழித்து, அதன் உள்பக்கத்தில் ஊர்க் குழாய்களைப் படமாகப் போட்டேன். தொட்டி, மூன்று வால்வு, வீதி, தெருக்குழாய், சாக்கடை. படுத்தவர்களின் வீட்டுக்கெல்லாம் பாய் ஒரு புள்ளி வைத்தார். எல்லாப் புள்ளியும் ஒரே வீதியில் விழுந்தன.

"குக்கர்ல விசில் வரலைன்னா எங்கியோ காத்துக் கசியுதுன்னு அர்த்தம். சோப்புத் தண்ணி தடவிப் பார்த்தா எடம் தெரியும். இதுலயும் அந்த மாதிரி எடத்தைப் புடிக்கணுமுங்ணா" என்றார் பாய்.

இரண்டு மஞ்சள் கண்காரர்களும் ஒரே கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அந்தக் கவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். குளுக்கோஸ் மாற்ற வந்த நர்ஸ், "ரெண்டு பேரும் படுக்கப் போறீங்களா இல்லையா?" என்று அதட்டினார்.

மறுநாள் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. டாக்டரம்மா என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"காமாலையில பல வகை. பியும் சியும் ரத்தத்தால வரும். ஏயும் ஈயும் தண்ணியால வரும். ஒருத்தரோட மலத்துல இருக்கற கிருமி குடிதண்ணியில கலந்துட்டா வரும். உங்க மூணு பேருக்கும் ஈ." அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "உங்க வீதியில கர்ப்பிணிப் பொண்ணுங்க யாராச்சும் இருக்காங்களா?"

"ஏனுங்க டாக்டர்?"

"மத்தவங்களுக்கு இது வந்துட்டுப் போயிடும். மாசமா இருக்கறவங்களுக்கு உயிருக்கே ஆபத்து."

எங்கள் வீட்டை ஒட்டிய வீடு என் அண்ணனுடையது. அண்ணன் மகள் கோகிலாவை வெள்ளகோவிலில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டுப் பிரசவத்துக்கு அழைத்து வந்திருந்தோம். ஒன்றரை மாதமாக அந்த மூன்றாவது வால்வுத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறாள்.

சரசு போனை எடுத்தாள். "கோகிலா, கண்ணு, கையில இருக்கற தண்ணியக் கீழ வையி. ஒரு சொட்டுக் குடிக்காத. கெளம்பி பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குப் போ. காரணம் அப்பறம் சொல்றேன்."

கோகிலா ரத்தம் கொடுத்தது அன்றே, முடிவு வந்தது மறுநாள் மத்தியானம். அந்த இடைவெளியில் என் பிலிருபினைப் பற்றி ஒருமுறை கூட நான் நினைக்கவில்லை. சரசு வராந்தாத் தூணில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தாள். பாய் தொழுதுவிட்டு வந்து அவள் பக்கத்தில் ஒரு டம்ளர் டீயை வைத்துவிட்டுப் போனார். போன் அடித்ததும் எடுக்கப் பயந்து எங்கள் இருவருக்கும் கை வரவில்லை. ருக்குமணிதான் பிடுங்கிப் பேசினாள்.

"ஒண்ணுமில்லீங்களாமா! கோகிலாவுக்கு ஒண்ணுமில்லீங்களாமா!"

செல்வன் படுத்தவாக்கிலேயே கை தட்டினான். குளுக்கோஸ் ஊசி நகர்ந்து ரத்தம் வந்துவிட்டது. கோகிலாவை அன்றே வெள்ளகோவிலுக்கு அனுப்பி வைத்தோம். சரசு வீதி முழுக்கப் போன் போட்டுத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம் என்று சொன்னாள். நான் பஞ்சாயத்துச் செயலரைக் கூப்பிட்டு மூன்றாவது வால்வை மூடச் சொன்னேன். லாரித் தண்ணீருக்கு ஏற்பாடு செய்வதாக அவர் சொன்னார். "எதனாலன்னு தெரியாம குழாயைத் தோண்ட முடியாதுங்க தங்கவேல்" என்றும் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பஞ்சாயத்து ஆபீஸ் பீரோவின் மேலே தண்ணீர் பரிசோதிக்கிற பெட்டி ஒன்று இருக்கிறது. வந்த நாளிலிருந்து யாரும் பிரிக்கவில்லை. அதில் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள் உண்டு. தண்ணீரைக் கோடு வரைக்கும் ஊற்றி, மூடி, இரண்டு நாள் வைக்க வேண்டும். மலக்கிருமி இருந்தால் தண்ணீர் கறுத்துவிடும். இல்லாவிட்டால் கறுக்காது.

"நான் போறேன்" என்றாள் சரசு.

"உனக்குத் தெரியுமா?"

"காயிதத்துல எழுதியிருக்குமல்ல? எனக்குப் படிக்கத் தெரியும்."

என்னை ருக்குமணியிடம் ஒப்படைத்துவிட்டு முதல் பஸ்ஸில் போனாள். தொட்டித் தண்ணீரில் ஒரு குப்பி. முதல் இரண்டு வீதிக்கும் ஒவ்வொன்று. கீழ வீதியில் ஐந்து தெருக்குழாய். மூன்றாவது வால்வைக் கொஞ்ச நேரம் மட்டும் திறக்கச் சொல்லி, ஐந்திலும் ஐந்து குப்பி. ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதி, எங்கள் வீட்டு அரிசிப் பானைமேல் வரிசையாக வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பினாள். எட்டுக் குப்பியும் டீத்தண்ணி நிறத்தில் ஒரே மாதிரி இருந்தன.

வார்டு முழுக்க விஷயம் பரவிவிட்டது. கால் உடைந்தவர், சர்க்கரைக்காரர், தரை துடைக்கிற அக்கா எல்லோரும் வந்து "கறுத்துச்சுங்களா?" என்று கேட்டுப் போனார்கள். டாக்டரம்மா கையை நீட்டச் சொன்ன கையோடு, "குப்பி என்னாச்சு?" என்றார். எனக்கு அன்று பிலிருபின் பதினொன்றுக்கு இறங்கியிருந்தது. அதைக்கூடச் சந்தோஷப்பட நேரமில்லை.

இரண்டாம் நாள் காலையில் சரசு கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது.

"தொட்டி கறுக்கல. கோயில் வீதி கறுக்கல. பள்ளிக்கூட வீதி கறுக்கல. கேக்கறீங்களா? நம்ம வீதி முதல் பைப்பு கறுக்கல, ரெண்டாவதும் கறுக்கல. மூணாவது கரி. நாலு, அஞ்சு எல்லாம் கரி!"

பாய் "அல்லா!" என்று தொடையில் அடித்தார். "புடிச்சாச்சுங்ணா! ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல! அங்க என்ன இருக்குது?"

நான் கவரைப் பார்த்தேன். இரண்டாவது பைப்புக்கும் மூன்றாவது பைப்புக்கும் நடுவில் என் வீடு, அடுத்து அண்ணன் வீடு. அண்ணன் வீட்டுக்கு முன்னால் சாக்கடை, சாக்கடைக்குக் கீழே குழாய்.

டாக்டரம்மா முன்பே ஒன்று சொல்லியிருந்தார். இந்தக் கிருமி உள்ளே போனதும் வியாதி வராது. இரண்டு வாரத்திலிருந்து இரண்டு மாதம் வரைக்கும் ஆகும். எல்லோரும் அநேகமாக ஒரே சமயத்தில் படுத்ததால், ஒன்றரை மாதத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள் என்றார். நானும் பாயும் நினைத்தோம். "மாரியம்மன் நோம்பி வந்துச்சு" என்றார் பாய். அன்றைக்கு அவருக்கு வியாபாரம் நன்றாக இருந்ததாம். நோம்பித் திருவிழா என்பதோடு நானும் நிறுத்திக்கொண்டேன். இப்போது மீதியும் ஞாபகம் வந்துவிட்டது.

நோம்பிக்கு இரண்டு நாள் முன்னால் கோகிலா வந்தாள். அண்ணன் வீட்டில் அரசாங்கத் திட்டத்தில் கட்டிய கக்கூஸ் இருந்தது, ஆனால் தண்ணீர் வசதி இல்லை, விறகுதான் அடுக்கியிருந்தார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரி குடத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம் என்று, விறகை எடுத்து வெளியே போட்டுவிட்டு, நானே மெயின் குழாயைத் துளைத்து ஒரு இணைப்புக் கொடுத்தேன். துளை போட்ட இடத்தில் மாட்டுகிற கவ்வி கையில் இல்லை. பொள்ளாச்சி போய் வாங்கினால் ஒருநாள் போய்விடும். சைக்கிள் ட்யூபைக் கிழித்து இழுத்துச் சுற்றி, கட்டுக் கம்பி போட்டு முறுக்கி, நோம்பி முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று மண்ணை மூடினேன். மாற்றவில்லை, மறந்துபோனேன். கக்கூஸ் கழிவு போகக் குழி தோண்டவும் நேரமில்லாமல், அதையும் சாக்கடையிலேயே விட்டிருந்தேன். வீதியில் இன்னும் நாலைந்து கக்கூஸ் அப்படித்தான் சாக்கடையில் விழுகின்றன.

வால்வைத் திறந்திருக்கும்போது குழாயிலிருந்து தண்ணீர் வெளியே கசியும். மூடிவிட்டால் வெறும் குழாய், சுற்றியிருக்கிற சாக்கடையை உள்ளே உறிஞ்சும். ஒருநாள் விட்டு ஒருநாள் நான் வால்வைத் திறந்து அதைத்தான் வீதிக்குக் கொடுத்திருக்கிறேன். மூன்றாவது பைப்பில் பிடித்து நானும் குடித்திருக்கிறேன்.

"பாய், அந்த இடத்துல கை வெச்சது நான்தான்" என்றேன். முழுக்கச் சொன்னேன்.

பாய் தன் கட்டிலுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். இரண்டு வாரமாகத் தொழில் இல்லாத மனிதர். ஒரு மணி நேரம் கழித்து எழுந்து வந்தார்.

"எனக்குக் கோபமுங்ணா. இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா இப்ப எடம் தெரிஞ்சுபோச்சு. தோண்டச் சொல்லுங்க. மீதிய அப்பறம் பேசிக்கலாம்."

சரசுவுக்குப் போன் போட்டு, அண்ணன் வீட்டு வாசலில் சாக்கடைக்குக் கீழே தோண்டச் சொன்னேன். ஏன் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. பத்தே நிமிஷத்தில் செயலர், கடப்பாரை, மண்வெட்டி, வீதியே கூடிவிட்டது. சரசு வீடியோவில் காட்டினாள். இந்தப் பக்கம் என் கட்டிலைச் சுற்றிப் பாய், செல்வன், ருக்குமணி, தரை துடைக்கிற அக்கா. கறுப்புத் தண்ணீரை வாளி வாளியாக அள்ளிக் கொட்டினார்கள். குழாய் தெரிந்தது. கட்டுக் கம்பி துருப்பிடித்து அறுந்து, சைக்கிள் ட்யூப் செத்த பாம்பு மாதிரி தொங்கியது.

ஊரே சத்தம் போட்டது. அங்கே கத்தியது இங்கே கேட்டது. வார்டிலும் எல்லோரும் "கண்டுபுடிச்சாச்சு, கண்டுபுடிச்சாச்சு" என்று குதித்தார்கள். ருக்குமணி மட்டும் கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு போனையே உற்றுப் பார்த்தாள்.

"இதை ஆரு சுத்துனது?"

அங்கேயும் அதையேதான் யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். சரசு போனைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பினாள். அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. அந்தக் கம்பி முறுக்கு என் கை முறுக்கு என்று அவளுக்குத் தெரியாதா?

"நான்தான் அம்மணி" என்றேன். போனுக்குள்ளும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன். "கோகிலாவுக்காக அவசரத்துல சுத்துனேன். கவ்வி போடாம உட்டது என்ற தப்பு. எல்லாருங் கேட்டுக்கங்க. தங்கவேலுதான்."

ருக்குமணி கிண்ணத்தைச் செல்வன் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டாள். அன்று எனக்குக் கஞ்சி இல்லை. மறுநாள் வந்தது. பேசாமல் ஸ்டூல்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

கோகிலா வெள்ளகோவிலிலிருந்து கூப்பிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். "சித்தப்பா, எனக்குன்னு செஞ்சீங்க, அது எம்புள்ளையவே கொண்டுபோகப் பாத்துச்சு. இனிமே ஆருக்காகவும் அவசரப்படாதீங்க" என்றாள். எதிரே இல்லாவிட்டாலும் நான் தலையை ஆட்டினேன்.

என் வேலை போய்விடும் என்று நினைத்தேன். செயலர் எழுத்தில் விளக்கம் கேட்டார், நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது டாக்டரம்மா பின்னால் நின்று படித்துவிட்டு, "உங்க ஆபீசருக்கு நானும் ஒரு கடிதம் தர்றேன். இந்த மாதிரி எடத்தைக் கண்டுபுடிச்சுச் சொல்ற நோயாளிய நான் பாத்ததில்ல" என்றார். வேலை போகவில்லை.

பதினேழாம் நாள் பிலிருபின் மூன்று. வீட்டுக்குப் போகலாம், எண்ணெய் வேண்டாம், வெயில் வேண்டாம், சாராயம் வாழ்நாளுக்கும் வேண்டாம் என்றார்கள். பாய் எனக்கு முன்பே கிளம்பியிருந்தார். "புதன்கிழமை வாரனுங்ணா. பாட்டில் ஊட்டுல இருந்தே கொண்டாருவேன், கோவிச்சுக்காதீங்க" என்று கையைப் பிடித்தார்.

நான் வருவதற்குள் குழாயைச் சாக்கடையிலிருந்து தூக்கி வீதியின் மறுபக்கம் உயர்த்திப் பதித்திருந்தார்கள். சாக்கடையில் விழுந்துகொண்டிருந்த கக்கூஸ்கள் எல்லாவற்றுக்கும் உறிஞ்சு குழி தோண்டி, சிமெண்டு உறை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கீழ வீதியைப் பேசிய கோயில் வீதியிலும் மூன்று வீட்டுக் கழிவு சாக்கடையில் விழுவதைச் சரசு கண்டுபிடித்திருந்தாள். அங்கேயும் குழி தோண்டினார்கள். கடைசிக் குழாயில் வாரம் ஒருமுறை குப்பி வைப்பது இனி அவள் வேலை. வீதிப் பெண்கள் நாலு பேருக்கு அவளே கற்றுக் கொடுத்துவிட்டாள். தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று சோதனை மருந்தைச் சொட்டு விட்டு, மஞ்சள் நிறம் வருகிறதா என்று என்னைவிட வேகமாகப் பார்க்கிறார்கள்.

இரண்டு தடவை குப்பி வைத்தும் கறுக்கவில்லை. மூன்றாவது வால்வைத் திறக்கலாம் என்று செயலர் சொன்ன காலையில் நான்தான் திறந்தேன். கை பலமில்லை, சரசுவும் பிடித்தாள். கீழ வீதிக்கு நடந்து போனால் ஐந்து குழாயிலும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பெண்கள் குடத்தோடு நின்றார்கள். ஒருத்தியும் குடத்தை வைக்கவில்லை. தண்ணீர் சும்மா ஓடியது. பதினோரு வருஷத்தில் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ருக்குமணி வந்தாள். இடுப்பில் இருந்த குடத்தை எடுத்துக் குழாய்க்குக் கீழே வைக்காமல், கையில் இருந்த டம்ளரை நீட்டினாள். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு அவள் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"நீங்க முதல்ல குடிங்க."

பிடித்தேன். எல்லோரும் என் தொண்டையையே பார்த்தார்கள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினேன். அவள் என் கண்ணைச் சித்த நேரம் பார்த்தாள், வெள்ளையாக இருக்கிறதா என்று பார்த்தாளோ என்னவோ. பிறகு குனிந்து குடத்தைக் குழாய்க்குக் கீழே வைத்தாள்.

"சரி. ஆனா நான் காய்ச்சித்தானுங்ணா குடிப்பேன்" என்றாள்.

"காய்ச்சியே குடி அம்மணி" என்றேன்.

குடம் நிறைகிற சத்தம் கேட்டதும் மற்றவர்களும் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். யார் முதலில் வைத்தது என்று மூன்றாவது குழாயடியில் சண்டை வந்துவிட்டது.